வீட்டிற்கும் வேண்டும் ஒரு தேய்மான நிதி
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

மொழியின் சிறப்பையும் இலக்கியத்தின் நயத்தையும் கற்றறிந்தார் பலர் எடுத்துரைத்த இம்மேடையில், கூரையும் குழாயும் மின்கம்பியும் பற்றிப் பேச நாம் எழுந்திருக்கிறோம். மெட்ரிகுலேஷன் வரை படித்து, இரயில்வே அலுவலகத்தில் பேரேடுகளோடு காலங்கழிக்கும் எழுத்தர்க்குத் தெரிந்த பொருள் கணக்கு ஒன்றே. அக்கணக்கு இக்குடியிருப்பில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு சிறிதேனும் பயன்படுமாயின், சங்கம் அளித்த இவ்வாய்ப்புக்கு நன்றி செலுத்தியவராவோம்.

ஆனைக்கரை என்னும் பெயரில் கேரளத்தில் இரண்டு ஊர்கள் உள்ளன. ஒன்று பாலக்காடு மாவட்டத்தில் பாரதப்புழையின் கரையில் உள்ளது. மற்றொன்று இடுக்கி மாவட்டத்தில் வண்டன்மேட்டை அடுத்த ஏலமலையில் உள்ளது. இரண்டிலும் தமிழர் இருக்கிறோம். ஊழியத்தின் பொருட்டு வந்தவர், வாணிகத்தின் பொருட்டு வந்தவர், தோட்டத்து வேலைக்கு வந்தவர் என நாம் பலதரத்தினர் ஆயினும், நம்மிடையே ஓர் ஒற்றுமை உண்டு. நம்மிற் பலர் பிறர் கட்டிக் கொடுத்த வீட்டில் குடியிருந்து கொண்டு, சொந்த வீட்டைப் பற்றிக் கனவு காண்கிறோம். இவ்வொற்றுமையிலேதான் இன்று பேசப்போகும் செய்தியும் அடங்கியிருக்கிறது.

"வீட்டைக் கட்டிப் பார், கலியாணம் பண்ணிப் பார்" என்பது நம் முன்னோர் வழக்கு. கட்டுவதன் அருமையைச் சொன்ன அம்மொழி, கட்டியதைக் காப்பதன் அருமையைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவை அக்காலத்தில் இல்லை என்றே கருதுகிறோம். ஏனெனில் அன்றைய வீடு தன் தேவையைத் தானே ஆண்டுதோறும் கேட்டு வாங்கியது. மலையாள நாட்டில் ஓலைக் கூரை மிகுந்திருந்த காலத்தில், மேட மாதத்தில், அதாவது நம் சித்திரையில், கூரை மேய்தல் தவறாமல் நடந்தது. இடவப்பாதி மழை இறங்குவதற்குள் பழைய ஓலை இறங்கி, புதிய ஓலை ஏற வேண்டும். இல்லையேல் வைகாசி முடியுமுன் பாயில் தண்ணீர் நிற்கும். ஆதலின் எவ்வளவு ஏழையாயினும் தென்னோலைக்கும் ஆட்கூலிக்கும் ஒரு தொகையை ஒதுக்கியே ஆண்டுக் கணக்குப் போட்டான்.

பிறகு ஓடு வந்தது. பாசல் மிஷனார் 1865-ஆம் ஆண்டில் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கினர். மலையாளக் கரையெங்கும் அவ்வோடு பரவிற்று. ஆண்டுக்கொரு முறை கேட்ட கூரை, ஓடு பிரித்து உடைந்ததை மாற்றுவதோடு அமைதியுற்றது. கைமரமும் ரீப்பரும் மாற்றும் பெருஞ்செலவோ தலைமுறைக்கு ஒரு முறை வந்தது. அதன்பின் காங்கிரீட் வந்தது. இது பத்தாண்டு வரை ஒன்றும் கேட்பதில்லை. கேளாத பிள்ளைக்குப் பசியில்லை என்று தாய் எண்ணலாமா? நாம் அவ்வாறுதான் எண்ணுகிறோம். ஓலை ஆண்டுதோறும் சிறிது கேட்டது. காங்கிரீட் இருபதாண்டு பேசாதிருந்து, பின்னர் எல்லாவற்றையும் ஒரே நாளில் கேட்கிறது.

இங்கு நாம் தெளிய வேண்டிய உண்மை ஒன்று. மோட்டார் திடீரென்று நின்றது, கூரை திடீரென்று ஒழுகிற்று என்கிறோம். ஆனால் மோட்டார் பொருத்திய நாள் முதலே தேயத் தொடங்கிவிட்டது. ஒன்பதாண்டு உழைக்கும் மோட்டாரில் ஆண்டுக்கு ஒன்பதில் ஒரு பங்கை நாம் செலவழித்து வருகிறோம். பணம் கையை விட்டுப் போகாமையால் அது செலவாகத் தோன்றவில்லை, அவ்வளவே. தேய்ந்த பங்கை அவ்வப்போது எடுத்து வைப்பவனுக்கு இறுதி நாள் ஒரு சாதாரண நாள். எடுத்து வையாதவனுக்கோ அது கடன்காரன் வாயிலில் நிற்கும் நாள்.

இக்கருத்து நம் சொந்தக் கருத்தன்று; நாம் ஊழியம் பார்க்கும் இரயில்வே கற்பித்த பாடமேயாகும். 1920-21-ஆம் ஆண்டுகளில் சர் வில்லியம் ஆக்வொர்த் தலைமையில் அமைந்த குழு, இந்திய இரயில்வேயின் நிதி நிலையை ஆராய்ந்து, அதன் வரவு செலவைப் பொது வரவு செலவினின்றும் பிரிக்க வேண்டும் என்று கூறிற்று. அவ்வாறே 1924-இல் பிரிவினை நிகழ்ந்தது. தேய்மான ஒதுக்கு நிதியும் ஏற்பட்டது. தண்டவாளம், எஞ்சின், பெட்டி, பாலம் ஆகியவற்றுக்கு இன்னின்ன ஆயுள் என்று கணித்து, தேய்மானத்துக்கு ஈடாக ஆண்டுதோறும் ஒரு தொகையை அந்நிதியில் சேர்த்து, பழையதை மாற்றும் காலத்தில் அதிலிருந்தே எடுப்பது அதன் நோக்கம்.

நிதியை ஏற்படுத்துவது எளிது. அதனைத் தொடாதிருப்பதுதான் அரிது. 1930-களில் உலகெங்கும் வாணிகம் மந்தமுற்றபோது, பற்றாக்குறையை ஈடுகட்ட இந்நிதியிலிருந்தே கடன் எடுத்தனர். இரண்டாம் உலகப் போரின்போது வண்டிகளுக்கு உழைப்பு மிகுந்தது. மாற்ற வேண்டியவை மாற்றப்படாமல் நின்றன. நாடு விடுதலை பெற்றபோது தேய்ந்த எஞ்சின்களையும் பெட்டிகளையும் புதுப்பிக்கும் பெருஞ்சுமை காத்திருந்தது. அண்மைக் காலத்திலும் இவ்வாறு நிகழ்ந்ததுண்டு. 2014-15-இல் 7,775 கோடி ரூபாய் இந்நிதிக்கு ஒதுக்கப்பட்டது. 2018-19-இல் அது 300 கோடியாகச் சுருங்கிற்று. இடையில் 2017-இல், பாதுகாப்புக்கு இன்றியமையாத பணிகளுக்கென ஐந்தாண்டுகளில் ஓர் இலட்சம் கோடி ரூபாய் என்னும் திட்டத்துடன் இராஷ்டிரீய இரயில் பாதுகாப்பு நிதி தனியே தொடங்கப்பட்டது; பின்னர் நீட்டிக்கவும்பட்டது. ஒரு பெட்டியில் போடாததை மற்றொரு பெட்டியில் போட்டே தீர வேண்டும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ? இரயில்வேக்கு அரசு துணை நிற்கிறது. நம் வீட்டுக்குத் துணை நிற்பார் யார்?

பாம்பன் பாலத்தை அறியாதார் நம்மில் இரார். 1914-இல் திறக்கப்பட்ட அப்பாலம், 1964 டிசம்பர் 22, 23 நாட்களின் இரவில் வீசிய புயலில் சிதைந்தது. அதனைச் சீர்செய்யும் பொறுப்பு இளம் பொறியாளர் இ. ஸ்ரீதரனிடம் வந்தது. அவர் நம் பட்டாம்பி வட்டத்துக் கருகபுத்தூரில் பிறந்தவர் என்பது இப்பகுதியாருக்குப் பெருமை. ஆறு மாதம் என்று குறிக்கப்பட்ட வேலையை அவர் 46 நாட்களில் முடித்தார். அதன்பின் அப்பாலம் அரை நூற்றாண்டுக்கு மேல் உழைத்தது. ஆயினும் உப்புக் காற்று இரும்பைத் தின்பதை எவரால் தடுக்க இயலும்? 2022 டிசம்பரில் பழைய பாலத்தில் வண்டி நின்றது; இராமேசுவரம் செல்வோர் மண்டபத்தில் இறங்கிச் சாலை வழியே போயினர். 550 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட செலவில் எழுந்த புதிய பாலம் 2025 ஏப்ரல் 6-ஆம் நாள் திறக்கப்பட்டது. புதிய பாலத்துக்கு அடிக்கல் நாட்டியது 2019-இல். அதாவது பழையது ஓடிக்கொண்டிருக்கும் போதே. அன்று தொடங்காமல் வண்டி நின்ற பின் தொடங்கியிருந்தால், தீவின் மக்கள் இன்னும் எத்தனை ஆண்டு காத்திருப்பரோ!

இதிலிருந்து நாம் கொள்ளும் பாடம் இரண்டு. பழுதுபார்ப்பது வேறு, மாற்றுவது வேறு. பழுதுபார்த்தல் ஆயுளை நீட்டும். ஆயுளை இல்லாமற் செய்யாது. இரண்டுக்கும் தனித்தனியே பணம் வேண்டும்.

இனி நம் வீட்டுக்கு வருவோம். ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து, வீட்டிலுள்ள தேயும் பொருள்களை ஒவ்வொன்றாக எழுதுக. அதன் எதிரே, இன்று மாற்றினால் ஆகும் தொகை, அது உழைக்கும் ஆண்டு, இரண்டையும் குறித்து வகுத்திடுக. எடுத்துக்காட்டாக ஒரு சிறு காங்கிரீட் வீட்டைக் கொள்வோம். தொகைகள் கணக்கு விளங்குவதற்காக நாம் எடுத்துக்கொண்டவையே. அவரவர் ஊர்க் கொத்தனாரையும் மின்வேலைக்காரரையும் கேட்டு அவரவர் தொகையை நிரப்பிக் கொள்க.

வெளிச் சுவருக்கு வண்ணம் பூச 60,000 ரூபாய், ஆறாண்டு, ஆண்டுக்கு 10,000. மேல்தளத்தில் நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு 48,000 ரூபாய், எட்டாண்டு, ஆண்டுக்கு 6,000. மின்கம்பி முழுதும் மாற்ற 1,00,000 ரூபாய், இருபத்தைந்தாண்டு, ஆண்டுக்கு 4,000. தண்ணீர்க் குழாய்கள் 75,000 ரூபாய், இருபத்தைந்தாண்டு, ஆண்டுக்கு 3,000. கதவு சன்னல் மரவேலை 60,000 ரூபாய், இருபதாண்டு, ஆண்டுக்கு 3,000. இன்வெர்ட்டர் பேட்டரி 15,000 ரூபாய், ஐந்தாண்டு, ஆண்டுக்கு 3,000. மோட்டார் 18,000 ரூபாய், ஒன்பதாண்டு, ஆண்டுக்கு 2,000. செப்டிக் டேங்க் வாரும் செலவு 6,000 ரூபாய், மூன்றாண்டு, ஆண்டுக்கு 2,000. கூட்டினால் ஆண்டுக்கு 33,000 ரூபாய் ஆகும். இதனோடு குழாய்த் திருகு, தாழ்ப்பாள், சாக்கடை அடைப்பு முதலிய சில்லறைப் பழுதுகளுக்கு 9,000 சேர்த்தால் 42,000. மாதத்துக்கு 3,500 ரூபாய்.

மாதம் 3,500 என்று கேட்டதும் சிலர்க்கு மலைப்பு உண்டாகலாம். ஆனால் இத்தொகை இன்றைக்கும் செலவாகிக் கொண்டுதான் இருக்கிறது. நாம் எழுதாமல் விட்டிருக்கிறோம். எழுதுவதனால் செலவு கூடுவதில்லை; எழுதாமையால் குறைவதுமில்லை.

இரண்டு திருத்தங்கள் சொல்ல வேண்டும். முதலாவது, பழைய வீட்டை வாங்கியவரும் காலந்தாழ்த்தித் தொடங்குபவரும் முழு ஆயுளால் வகுத்தலாகாது. எஞ்சிய ஆயுளால் வகுக்க வேண்டும். மோட்டார் ஆறாண்டு உழைத்துவிட்டதாயின், எஞ்சியது மூன்றாண்டே. 18,000-ஐ மூன்றால் வகுத்தால் ஆண்டுக்கு 6,000 வரும். தொடக்கத்தில் சுமை மிகும். ஒரு சுற்று மாற்றியபின் இலேசாகும். இரண்டாவது, விலை ஏறும். ஆகவே ஆண்டுக்கு ஒரு நாள் உட்கார்ந்து தொகையைத் திருத்துக. வண்ணத்துக்கு 60,000 என்று எண்ணி மூன்றாண்டில் 30,000 சேர்த்த நிலையில், விலை 72,000 ஆயிற்று என்க. எஞ்சிய 42,000-ஐ எஞ்சிய மூன்றாண்டால் வகுத்து, இனி ஆண்டுக்கு 14,000 எடுத்து வைத்தல் முறை. வாங்கிய விலையை நம்பி இராமல் மாற்றும் விலையை நோக்குவதே தேய்மானக் கணக்கின் உயிர்.

எல்லாவற்றுக்கும் பணம் எட்டாதபோது எதை முதலில் செய்வது? வரிசை இதுவாக இருக்கட்டும்: உயிர், நீர், வசதி, அழகு. பழைய வீட்டு மின்கம்பிகள் நாலு விளக்குக்கும் இரண்டு விசிறிக்கும் போடப்பட்டவை. அவற்றின்மேல் குளிர்பெட்டி, சலவை இயந்திரம், குளிர்சாதனம் என்று ஏற்றுகிறோம். கம்பி சூடேறிக் காப்புறை இற்றுத் தீப்பற்ற இடமுண்டு. ஆகையால் மின்கம்பியும், மின்கசிவைக் கண்டு மின்னோட்டத்தைத் துண்டிக்கும் கருவியும் முதலிடம் பெற வேண்டும். அடுத்தது கூரையில் நீர் புகாமை. கேரளத்தில் இடவப்பாதி மழை போய்த் துலா மழை வரும். சுவர் உலர்வதற்குள் அடுத்த மழை நிற்கும். கசிந்த நீர் காங்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியை அடைந்தால் துருப்பிடிக்கும். துரு இரும்பினும் மிகுந்த இடம் கொள்வதால் உள்ளிருந்தே காரையை உடைத்துத் தள்ளும். நாற்பத்தெட்டாயிரத்தில் முடியும் பூச்சை ஒத்திப் போட்டவர், தளத்தையே சீர்செய்ய அதன் பன்மடங்கு செலவிட நேரும். வண்ணமும் ஓவியக் கதவும் எல்லாவற்றுக்கும் பின்னர். நாமோ விழா வந்தால் முதலில் வண்ணம் பூசுகிறோம். ஈரச் சுவரின்மேல் பூசிய வண்ணம் அடுத்த மழையில் உரிகிறது.

இந்நிதி வெள்ளத்துக்கும் புயலுக்கும் உரியதன்று. 2018 ஆகஸ்டில் செறுதோணி அணையின் மதகுகள் 26 ஆண்டுகளுக்குப் பின் திறக்கப்பட்டதையும், பாரதப்புழை கரை புரண்டதையும் நாம் மறக்கவில்லை. அத்தகைய இடருக்கு வீட்டுக் காப்பீடு உண்டு. 2021 ஏப்ரல் முதல் பாரத் கிருஹ ரக்ஷா என்னும் பொதுவான வீட்டுக் காப்பீட்டு முறை நடைமுறைக்கு வந்தது. அது வெள்ளம், தீ முதலியவற்றை ஏற்கும். நாட்பட்ட தேய்மானத்தை ஏற்காது. எதிர்பாராததற்குக் காப்பீடு, எதிர்பார்க்கத் தக்கதற்கு நிதி. ஒன்று மற்றொன்றின் வேலையைச் செய்யாது.

இப்போது, பிறர் வீட்டில் குடியிருக்கும் நமக்கு இதனால் என்ன என்று கேட்கலாம். உண்மையில் நமக்கே இது மிகுதியும் வேண்டும். இரயில்வே வீட்டில் குழாய் ஒழுகினால் புகார்ப் புத்தகத்தில் எழுதுகிறோம், ஆள் வருகிறான். இருபத்தைந்து முப்பதாண்டு இவ்வாறு வாழ்ந்தபின், வீடு என்பது பணம் கேட்கும் பொருள் என்னும் உணர்வே நம்மைவிட்டு நீங்கிவிடுகிறது. ஓய்வு பெற்றதும் சில மாதங்களில் அவ்வீட்டைக் காலி செய்ய வேண்டும். வீடு கட்டுதற்கு முன்பணம் உண்டு; 2017-ஆம் ஆண்டு விதிகளின்படி மத்திய அரசு ஊழியர்க்கு 34 மாத அடிப்படைச் சம்பளம் அல்லது 25 இலட்சம் ரூபாய், இவற்றுள் குறைந்த அளவு வரை கிடைக்கும் என்றாயிற்று. ஆனால் அவ்வாறு கட்டிய வீட்டின் கூரையும் குழாயும் கம்பியும் ஒருங்கே கிழமெய்தும் காலம், நாமும் கிழமெய்தும் காலமாக அமைகிறது. 2004 ஜனவரி முதல் நாளுக்குப் பின் சேர்ந்த மத்திய அரசு ஊழியர்க்குப் பழைய ஓய்வூதியம் இல்லாமற் போயிற்று. 2025 ஏப்ரல் முதல் ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டத்தை விரும்புவோர் தேர்ந்துகொள்ள வழி செய்தனர். எதுவாயினும் சம்பளத்தினும் குறைந்த வருவாயில்தான் மிகுந்த செலவை எதிர்கொள்ள நேரும்.

பீர்மேட்டுப் பக்கம் இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் சில தேயிலைத் தோட்டங்கள் மூடப்பட்டபோது, அங்கிருந்த லயங்களைப் பழுதுபார்ப்பார் இல்லாமற் போனதை இடுக்கி ஆனைக்கரைத் தோழர்கள் அறிவர். தோட்டத் தொழிலாளர்க்கு வீடு தருவது முதலாளியின் கடன் என்று 1951-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்திருந்தது. முதலாளி அகன்றபின் சட்டம் ஓட்டை மாற்றவில்லை. ஒழுகும் கூரையின்மேல் பிளாஸ்டிக் விரித்துத் தலைமுறையாக உழைத்தவர்கள் மழையைக் கழித்தனர். அவர்கள்மேல் குற்றமில்லை, கூலியில் மிச்சம் பிடிக்க வழியுமில்லை. ஆயின் மிச்சம் பிடிக்க வழியுள்ள நாம், பிறர் பழுதுபார்ப்பர் என்றே இருத்தல் தகுமா?

இன்னொரு வீடும் நமக்கு உண்டு. போடியிலோ கம்பத்திலோ திண்டுக்கல்லிலோ தாத்தா கட்டிய வீடு பூட்டிக் கிடக்கிறது. அண்ணன் தம்பியர் மூவர்க்கும் அக்காள் தங்கையர்க்கும் அதில் பங்குண்டு. பழுதுபார்ப்பதில் மட்டும் ஒருவர்க்கும் பங்கில்லை. பொங்கலுக்குப் போனவர் ஓடு சரிந்ததைப் பார்த்துப் பெருமூச்சு விட்டு வருவார். இவ்வாறு வீடு இடிவதோடு உறவும் இடிகிறது. செய்தவர்க்குக் குறை, செய்யாதவர்க்கு நாணம். இதற்கும் அதே மருந்துதான். பங்காளிகள் கூடி, ஆளுக்கு மாதம் ஐந்நூறு ஆயினும் பொதுக் கணக்கு ஒன்றில் போட்டு வருக. ஐவர் போட்டால் ஆண்டுக்கு 30,000 சேரும். ஓடு மாற்றலாம், முற்றத்தைச் செப்பனிடலாம். காக்க மனமில்லையெனில் வீடு நிற்கும்போதே விற்றுப் பகிர்ந்து கொள்ளலும் நேர்மையான வழியே. காக்கவும் மாட்டோம், விற்கவும் மாட்டோம் என்பதுதான் முன்னோர்க்குச் செய்யும் தீங்கு.

பணத்தை எங்கே வைப்பது? சம்பளக் கணக்கிலேயே இருந்தால் அது நிதியன்று, ஆசை. அஞ்சலகத் தொடர் வைப்பு மாதம் நூறு ரூபாயிலிருந்தே தொடங்கலாம், ஐந்தாண்டில் முதிரும். அதனைப் பேட்டரிக்கும் வண்ணத்துக்கும் வைக்கலாம். கேரள அரசு 1969-இல் நிறுவிய கே.எஸ்.எஃப்.இ.யின் சிட்டி, பெருந்தொகை வேண்டுவார்க்குப் பயன்படும். முன்கூட்டி ஏலத்தில் எடுத்தால் தள்ளுபடி மிகும் என்பதை நினைவிற் கொள்க. எதில் வைத்தாலும் ஒரு கட்டுப்பாடு வேண்டும். மகள் திருமணத்துக்கும் மகன் கல்லூரிக்கும் அதிலிருந்து எடுத்தலாகாது. அவற்றுக்கு வேறு ஏற்பாடு செய்க. எடுத்தே தீரும் நிலை வருமாயின், கடன் என்று எழுதி, திருப்பும் மாதத்தையும் எழுதுக. அலுவலகத்தில் காசோலைக்கு இருவர் கையெழுத்து வேண்டுவது போல, இந்நிதியை எடுக்கக் கணவன் மனைவி இருவர் இசைவும் வேண்டும். எந்த மூலையில் நீர் கசிகிறது, எந்தச் சுவிட்சில் பொறி பறக்கிறது என்பதை முதலில் அறிபவர் பெரும்பாலும் தாய்மார்களே. ஆதலின் ஏடு அவர்கள் கையில் இருப்பது நலம். பிள்ளைகளும் அதனைப் பார்த்துப் பழக வேண்டும். இன்று சொந்த வீடில்லாதவர் வெற்று ஏட்டோடு தொடங்கலாம். மாதம் ஆயிரம் போட்டாலும் ஓய்வு பெறும் நாளில் புதுவீட்டோடு அதனைக் காக்கும் நிதியும் உடன் வரும்.

அன்பர்களே! வந்த ஊரில் சங்கம் அமைத்தோம். நூல் நிலையம், விழா, சிறுவர் வகுப்பு எனப் பலவும் காண விழைகிறோம். இவையும் ஆண்டுதோறும் சிறிது சிறிதாகக் கொடுத்துக் காக்கப்படுபவையே. ஒரே நாளில் பெருந்தொகை கொடுத்து ஒருவரும் சங்கத்தைக் காத்ததில்லை. சந்தாவைத் தவறாமல் கொடுத்தவரே காத்தனர். நம் வீடும் அத்தகையதே. வெள்ளம் வருமுன் அணை கோலுதல் அறிவுடைமை. வரும் சித்திரையில் ஒவ்வொரு வீட்டிலும் ஓர் ஏடு திறக்கப்படுமாயின், இவ்வுரை பயன் பெற்றதாகும்.